வகுப்பறை என்னும் ஆய்வுக்களம்

நுழையும்முன்

ஆய்வு என்றவுடன் ஆய்வுக்கூடமும் கல்வெட்டும் தொலைநோக்கியும் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் பாடம் நடைபெறும் வகுப்பறை நினைவுக்கு வருவதில்லை. 'நாம் கற்பித்தது மாணவரைச் சென்றடைந்ததா?' என்னும் எளிய வினாவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் ஆய்வுக்குரியதாக எடுத்துக்கொண்டனர். அவ்வினா அவர்களை எங்குக் கொண்டு சேர்த்தது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

இருவேறு அளவுகோல்கள்

பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு ஆய்வு, கற்பித்தல் என இரு பெரும் பணிகள் உள்ளன. ஆய்வுப்பணியில் அவர் எதையும் சான்றின்றி ஏற்பதில்லை. புதிய சேர்மம் ஒன்றைக் கண்டறிந்ததாக ஒருவர் கூறினால், அதை எவ்வாறு உறுதி செய்தார் எனப் பிறர் வினவுவர். அச்சோதனையைத் தாமும் செய்து பார்ப்பர். பிழை இருப்பின் சுட்டிக்காட்டுவர். அறிவு வளர்வது இவ்வாறுதான்.

அதே பேராசிரியர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் அளவுகோல் மாறிவிடுகிறது. பாடத்தைத் தெளிவாக நடத்தினோம், மாணவர் அமைதியாகக் கேட்டனர், ஐயம் உண்டா என்றதற்கு எவரும் கை உயர்த்தவில்லை. இவையே பாடம் புரிந்ததற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தேர்வில் பலர் தவறினாலோ, மாணவரிடம் ஊக்கமில்லை, அடிப்படை சரியில்லை எனக் காரணம் கூறப்படுகிறது. அக்காரணத்திற்குச் சான்று உண்டா என எவரும் கேட்பதில்லை.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. கற்பித்த முறையில் உள்ள குறையைத் தம் அறிவின் குறை என்று ஒரு மாணவர் நம்பிவிடக்கூடும். விரும்பிச் சேர்ந்த துறையை விட்டே அவர் விலகவும் நேரலாம். ஆகவே, ஆய்வில் கையாளும் அதே கண்டிப்பைக் கற்பித்தலிலும் கையாள வேண்டும் என்னும் எண்ணம் பேராசிரியர் சிலரிடையே எழுந்தது. தம் கற்பித்தலையும் தம் மாணவரின் கற்றலையும் தாமே முறையாக ஆராய்ந்து, முடிவுகளைப் பிறர் மதிப்பீட்டிற்கு முன்வைக்கும் இப்பணி 'கற்பித்தல் – கற்றல் ஆய்வு' எனப்படும்.

ஒரு வினா எழுப்பிய ஐயம்

எரிக் மசூர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். 1984ஆம் ஆண்டு முதல் அங்கு அவர் தொடக்கநிலை இயற்பியல் கற்பித்து வந்தார். அவருடைய விரிவுரைகள் தெளிவானவை. மாணவர்கள் கடினமான கணக்குகளைக்கூட நன்கு செய்தனர். ஆசிரியரைப் பற்றி மாணவர் அளிக்கும் மதிப்பீட்டிலும் அவருக்கு உயர்ந்த இடமே கிடைத்தது. தாம் சிறந்த ஆசிரியர் என்று அவர் நம்புவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன.

அந்நிலையில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இப்ராகிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டனஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வுகளை அவர் படிக்க நேர்ந்தது. இயற்பியல் வகுப்பில் சேரும் மாணவர்கள் விசை, இயக்கம் பற்றித் தமக்கென நெடுநாளாகச் சில கருத்துகளைக் கொண்டிருக்கின்றனர். ஒரு பருவம் முழுவதும் பாடம் கேட்ட பின்னரும் அக்கருத்துகள் பெரிதும் மாறுவதில்லை. இதுவே அவ்வாய்வுகள் கூறிய செய்தி.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பாரம் ஏற்றிய பெரிய சரக்குந்து ஒன்று சிறிய மகிழுந்தின்மீது மோதுகிறது. சரக்குந்து மகிழுந்தின்மீது செலுத்தும் விசை பெரியதா, மகிழுந்து சரக்குந்தின்மீது செலுத்தும் விசை பெரியதா? ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர்களும், சரக்குந்தின் விசையே பெரியது என விடையளிப்பர். இரண்டு விசைகளும் சமம் என்பதே சரியான விடை. மகிழுந்தின் நிறை குறைவு. அதனால் அதே அளவு விசை அதன் இயக்கத்தை மிகுதியாக மாற்றுகிறது.  விதியை மனப்பாடமாக அறிதலும் அவ்விதியைக் கொண்டு உலகைக் காண்பதும் ஒன்றல்ல.

தம் மாணவரிடம் இக்குறை இராது என்று மசூர் எண்ணினார். எனினும், சோதித்துப் பார்க்க முடிவு செய்து, 1990இல் அந்த எளிய வினாத்தாளைத் தம் வகுப்பிற்கு அளித்தார். அப்போது மாணவர் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பினார். ஆசிரியர் கற்பித்தபடி விடை எழுதுவதா, தாம் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்பதே அந்த ஐயம். கற்பித்தது ஒருபுறமும் மாணவரின் எண்ணம் மற்றொருபுறமுமாகப் பிரிந்து நின்றதை அவ்வொரு வினா காட்டிவிட்டது. கடினமான கணக்குகளைச் செய்து முடித்த மாணவர் பலர், கணக்கீடே தேவைப்படாத அவ்வினாக்களில் தடுமாறினர். சூத்திரங்களைப் பொருத்தி விடை காணும் திறனை மட்டுமே தம் தேர்வுகள் அளந்து வந்தன என்பதை மசூர் உணர்ந்தார்.

உடன்பயில்வோரின் துணை

ஒருநாள், இத்தகைய வினா ஒன்றை மசூர் பலவாறு விளக்கியும் மாணவர் முகங்களில் குழப்பம் தீரவில்லை. வேறு வழி தோன்றாமல், அருகிலிருப்போருடன் பேசிப் பார்க்குமாறு கூறினார். வகுப்பறையில் பேச்சொலி எழுந்தது. சில நிமிடங்களில் மாணவர்கள் தமக்குள் விவாதித்துச் சரியான விடையை அடைந்தனர். பேராசிரியரால் இயலாதது சக மாணவரால் இயன்றது எவ்வாறு?

ஒரு கருத்தை நெடுங்காலமாக அறிந்தவர், அதைக் கற்கும்போது தாம் எங்கு இடறினார் என்பதை மறந்துவிடுகிறார். அண்மையில் கற்ற மாணவருக்கு அந்த இடறல் நினைவிருக்கும். ஆகவே, நண்பர் எங்குத் தடுமாறுகிறார் என்பது அவருக்கு எளிதில் விளங்குகிறது. மசூர் தந்த விளக்கம் இதுவே.

1991 முதல் அவர் தம் வகுப்பை மாற்றியமைத்தார். சிறிது நேர விளக்கத்திற்குப் பின் ஒரு கருத்துவினா கேட்கப்படும். ஒவ்வொருவரும் முதலில் தனியாகச் சிந்தித்து விடையைத் தெரிவிப்பர். பின்னர், வேறு விடை கூறிய நண்பருடன் விவாதித்து, தம் விடைக்குக் காரணம் கூறுவர். மீண்டும் விடையளிப்பர். இறுதியில் ஆசிரியர் விளக்குவார். பெரும்பாலோர் முதலிலேயே சரியாக விடையளித்தால் விவாதம் தேவையில்லை. மிகச் சிலரே சரியாக விடையளித்தால், ஆசிரியர் அப்பகுதியை மீண்டும் நடத்த வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு வினாவும் ஆசிரியருக்கு உடனடிச் சான்றாகிறது.

மாற்றம் பயன் தந்ததா என்பதையும் மசூர் அளந்தார். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கருத்துத் தேர்வை நடத்தினார். பழைய முறையில் நடந்த 1990ஆம் ஆண்டு வகுப்பைவிட, 1991ஆம் ஆண்டு வகுப்பில் மாணவர் அடைந்த முன்னேற்றம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. கணக்குகளைச் செய்யும் திறனும் குறையவில்லை. பத்தாண்டுத் தரவுகளைத் தொகுத்து, கேத்தரின் கிரவுச் என்பவருடன் இணைந்து 2001இல் அவர் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்.

இங்கு ஓர் எதிர்வினா எழும். விவாதத்திற்குப் பின் விடை சரியாவது புரிதலாலா, நன்றாகப் படிக்கும் மாணவரின் விடையைப் பிறர் ஏற்றுக்கொள்வதாலா? கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் இவ்வினாவை ஆய்வாளர்கள் சோதித்தனர். விவாதம் முடிந்ததும், அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் மற்றொரு வினாவைத் தந்து, தனித்தனியே விடையளிக்கச் செய்தனர். அதிலும் மாணவர் முன்னேற்றம் காட்டினர். தொடக்கத்தில் எவருக்குமே சரியான விடை தெரிந்திராத குழுக்களிலும் முன்னேற்றம் காணப்பட்டது. விவாதமே புரிதலை உண்டாக்குகிறது என்பதற்கு 2009இல் வெளியான இவ்வாய்வு வலுவான சான்றாகும்.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் கற்பிக்கும் முறையையும் கற்கும் முறையையும் வகுத்துரைக்கிறது. ஆசிரியர் கூறியதை நன்கு மனங்கொண்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன்பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். பிறருக்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அந்நூலின் கருத்து. மரபு பட்டறிவால் கண்டதை இக்கால ஆய்வாளர் அளந்து காண முயல்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நிகழ்ந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃபிரீமனும் அவர்தம் குழுவினரும் தொகுத்து ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டனர். மாணவர் வெறுமனே கேட்டிருக்கும் விரிவுரை வகுப்புகளில் 100 பேரில் ஏறத்தாழ 34 பேர் தோல்வியுற்றனர். மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 22 ஆக இருந்தது.

மாணவரைக் குறைகூறுமுன்

மசூரின் ஆய்வு கற்பிக்கும் முறையை ஐயுற்றது. மாணவரைப் பற்றிய நம்பிக்கைகளையே ஐயுற்ற ஆய்வு ஒன்று அதற்கு முன்பே நிகழ்ந்தது. 1970களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்னும் இளம் கணித ஆய்வாளர் அதனை மேற்கொண்டார். அங்கு நுண்கணித வகுப்பில் சேர்ந்த கறுப்பின மாணவர் பலர் தோல்வியுற்று வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் பள்ளிகளில் சிறந்து விளங்கியவர்கள்.

காரணம் யாதென டிரைஸ்மன் ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கமின்மை, போதிய அடிப்படையின்மை, கல்வியில் குடும்பத்தினர் அக்கறை கொள்ளாமை, வறுமை ஆகியவை அவர்கள் கூறிய காரணங்கள். அவற்றை அவர் அப்படியே ஏற்கவில்லை. கறுப்பின மாணவர் 20 பேரையும், அதே பாடத்தில் சிறந்து விளங்கிய சீன வழி மாணவர் 20 பேரையும் தெரிந்தெடுத்தார். அவர்கள் எங்கே, எவ்வாறு, யாருடன் படிக்கின்றனர் என்பதை நேரில் சென்று கவனித்தார்.

கூறப்பட்ட காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. கறுப்பின மாணவர் கடுமையாக உழைத்தனர். அவர்தம் குடும்பத்தினர் கல்வியைப் பெரிதும் மதித்தனர். வேறுபாடு வேறோரிடத்தில் இருந்தது. சீன வழி மாணவர் தனியே படித்த பின்னர் ஒன்றுகூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். கறுப்பின மாணவருள் 18 பேர் வகுப்புத் தோழருடன் ஒருநாளும் சேர்ந்து படித்ததில்லை. படிப்பு வேறு, நட்பு வேறு என அவர்கள் வாழ்ந்தனர். தாம் இடறிய இடத்தில் பிறரும் இடறினர் என்பதையே அவர்கள் அறியவில்லை. தவறு முழுவதும் தம்முடையதே என எண்ணினர்.

இக்கண்டறிதலின்படி டிரைஸ்மன் ஒரு பயிலரங்கைத் தொடங்கினார். அது பின்தங்கியோர்க்கான துணைவகுப்பாக அமைக்கப்படவில்லை. சிறந்தோர்க்கான வாய்ப்பாகவே அமைக்கப்பட்டது. எளிய கணக்குகளுக்கு மாறாக மிகக் கடினமான கணக்குகளே தரப்பட்டன. தனியொருவரால் எளிதில் முடிக்க இயலாத அவற்றை மாணவர் குழுவாகச் சேர்ந்து தீர்த்தனர். பயிலரங்கில் பங்கேற்றோர், பங்கேற்காதோரைக் காட்டிலும் நுண்கணிதத்தில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றனர். மாணவர் குறைபாடு என்று கருதப்பட்டது உண்மையில் சூழலின் குறைபாடாக இருந்தது. நேரில் சென்று கண்டிராவிடில், அப்பழி மாணவர்மீதே நிலைத்திருக்கும்.

கற்பித்தலும் புலமையே

தனித்தனியே நிகழ்ந்த இம்முயற்சிகளுக்குப் பொதுவானதோர் அடித்தளம் 1990இல் கிடைத்தது. கார்னெகி கற்பித்தல் மேம்பாட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த எர்னஸ்ட் போயர், பேராசிரியரின் புலமை எத்தகையது என ஆராய்ந்து ஒரு நூலை வெளியிட்டார். பல்கலைக்கழகங்கள் புதியது கண்டறிதலை மட்டுமே புலமையாகக் கருதுவதை அவர் ஏற்கவில்லை. கண்டறிதல், பல துறை அறிவை இணைத்தல், அறிவைப் பயன்படுத்தல், கற்பித்தல் ஆகிய நான்கும் புலமையின் வடிவங்களே என்பது அவர் கொள்கை.

அவருக்குப் பின்னர் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்ற லீ சுல்மன் இக்கருத்தை மேலும் வளர்த்தார். ஆய்வாளரின் கண்டுபிடிப்பு பலரும் அறியப் பொதுவில் வைக்கப்படுகிறது. கற்பித்தலோ மூடிய கதவுக்குள் நிகழ்ந்து, ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அவருடனே மறைந்துவிடுகிறது. கற்பித்தலும் சமூகத்தின் பொதுச்சொத்தாக வேண்டும். பிறர் காணவும் குறை கூறவும் அதன்மேல் மேலும் கட்டி எழுப்பவும் அது இடம்தர வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நன்கு கற்பிப்பது வேறு, கற்பித்தலை ஆராய்வது வேறு என்னும் தெளிவு இதனால் பிறந்தது.

ஆய்வு நிகழும் முறை

இவ்வாய்வு பெரும்பாலும் ஆசிரியரை உறுத்தும் ஒரு சிக்கலிலிருந்து தொடங்குகிறது. குறிப்பிட்டதொரு பாடப்பகுதியில் ஆண்டுதோறும் மாணவர் ஒரே பிழையைச் செய்கின்றனர் எனக் கொள்வோம். அப்பிழை ஏன் நிகழ்கிறது என ஆசிரியர் ஒரு கருதுகோளை வகுப்பார். முன்னர் இதனை ஆராய்ந்தவர் யாவர் எனத் தேடிப் படிப்பார். பின்னர்ச் சான்றுகளைத் திரட்டுவார். விடைத்தாள்கள், முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்கள், மாணவருடன் நிகழ்த்தும் நேர்காணல்கள், வகுப்பறை உரையாடலின் பதிவுகள் முதலியன சான்றுகளாகும்.

கற்பித்தலில் ஒரு மாற்றம் செய்த பின்னர், முன்னும் பின்னும் ஒப்பிடப்படும். முடிவு கட்டுரையாக வெளியிடப்பட்டுத் துறையினரின் மதிப்பீட்டிற்கு உட்படும். மாற்றம் பயன் தரவில்லை என்பதும் ஒரு முடிவே. அதை மறைக்காமல் கூறுவது, வேறோர் ஆசிரியர் அதே வழியில் சென்று காலத்தை வீணாக்காதவாறு காக்கும்.

உணர்வும் உண்மையும்

மாணவரிடமே புரிந்ததா எனக் கேட்டறிந்தால் போதாதா? போதாது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நிகழ்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாணவர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு சிறந்த விரிவுரையைக் கேட்டது. மற்றொரு குழு அதே பாடத்தைக் கணக்குகளைத் தாமே முயன்றும் விவாதித்தும் கற்றது. அடுத்த பாடத்திற்குக் குழுக்கள் இடம் மாறின. விரிவுரை கேட்டபோதே மிகுதியாகக் கற்றதாக மாணவர் உணர்ந்தனர். தேர்விலோ, தாமே முயன்று கற்றபோதுதான் மிகுதியான மதிப்பெண் பெற்றனர்.

இம்முரணுக்குக் காரணம் உண்டு. தங்குதடையற்ற விரிவுரை கேட்போருக்குத் தமக்கே எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. தாமே முயலும்போது தடுமாற்றமும் களைப்பும் ஏற்படுகின்றன. அத்தடுமாற்றத்தைக் கல்லாமையின் அடையாளமாக மாணவர் தவறாகக் கருதுகின்றனர். உண்மையில் அது கற்றல் நிகழ்வதன் அடையாளமாக இருக்கலாம்.

எல்லைகளும் அறமும்

இவ்வாய்வுக்கு எல்லைகள் உண்டு. வகுப்பறை ஆய்வுக்கூடம் அன்று. ஒரு மாணவர் மற்றொருவரைப் போன்றவரும் அல்லர். ஓரிடத்தில் வென்ற முறை மற்றோரிடத்தில் வெல்லாது போகலாம். தம் முறையைத் தாமே ஆராயும் ஆசிரியர், தமக்கு உவப்பான முடிவையே காணும் இடரும் உண்டு. முன்கூட்டியே அளவுகோலை வரையறுத்தலும் பிறரைக்கொண்டு விடைத்தாள்களைத் திருத்தச் செய்தலும் அவ்விடரைக் குறைக்கும்.

அறம் சார்ந்த வினாக்களும் எழுகின்றன. ஆய்வு செய்பவரே மதிப்பெண் வழங்குபவராகவும் இருப்பதால், பங்கேற்க விருப்பமில்லை எனக் கூற மாணவர் அஞ்சக்கூடும். ஆகவே, மாணவரின் ஒப்புதலைப் பெறுதல், மறுப்போர்க்கு எத்தீங்கும் நேராமல் காத்தல், பெயர்களை வெளியிடாமை ஆகியன கட்டாயமாகின்றன. மாணவர் ஆய்வுப்பொருள் அல்லர். ஆய்வின் பயன் முதலில் சென்றடைய வேண்டியவர் அவரே.

நிறைவாக

கற்பித்தல் முடிந்தது என்பதால் கற்றல் நிகழ்ந்துவிட்டது என்று பொருளாகாது. மேற்கண்ட ஆய்வுகள் யாவும் வலியுறுத்தும் உண்மை இது. மாணவர் மதிப்பீட்டில் உயர்ந்து நின்ற பேராசிரியர் ஒருவர் தம் வெற்றியையே ஐயுற்றார். இளம் ஆய்வாளர் ஒருவர் மூத்தோர் கூறிய காரணங்களைச் சரிபார்க்காமல் ஏற்க மறுத்தார். அந்த ஐயமும் மறுப்புமே பல மாணவர்க்கு மூடியிருந்த கதவுகளைத் திறந்தன.

இவ்வுண்மை ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும், நூலை மூடிவைத்துவிட்டு அதனை ஒரு நண்பருக்கு விளக்க முயலும் மாணவர், தமக்கு விளங்கியது எது, விளங்காதது எது என்பதைத் தாமே கண்டுகொள்கிறார். அந்நொடியில் அவரும் தம் கற்றலை ஆராயும் ஆய்வாளராகிறார்.

கற்பவை கற்றபின்…

1. நீங்கள் நன்கறிந்ததாகக் கருதும் அறிவியல் விதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சூத்திரம் கூறாமல் உங்கள் நண்பருக்கு விளக்குக. விளக்கும்போது தடைப்பட்ட இடங்களைக் குறித்து, அவற்றிற்கான காரணங்களை எழுதுக.

2. 'தனித்துப் படித்தல் – சேர்ந்து படித்தல்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.

3. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் கற்கும் முறைகளைத் தொகுத்து, இப்பாடத்தில் இடம்பெற்ற ஆய்வு முடிவுகளோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.